உருக்கும் மாங்கனீசும்

தொலைதூரம் செல்லும் இரயில் வண்டி ஒரு பெரிய நிலையத்தை நெருங்கும்பொழுது தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களைக் கடந்து போகிறது. அந்த இடங்களில் ஒவ்வொரு சக்கரமும் சம்மட்டி போல இடித்துவிட்டே நகர்கிறது. ஆயிரக்கணக்கான டன் எடை நாள்தோறும் அதன்மீது விழுகிறது. சாதாரண உருக்காயின் விரைவில் தேய்ந்தும் நொறுங்கியும் போகும். ஆனால் அங்கே பதித்திருப்பது 12 முதல் 14 சதவீதம் வரை மாங்கனீசு கலந்த தனி வகை உருக்கு. அடி விழ விழ அதன் மேற்பரப்பு இறுகுமே ஒழிய எளிதில் தளராது.

இந்த மாங்கனீசு நம் நாட்டு மண்ணில் ஏராளமாக உண்டு. மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட், மகாராஷ்டிரத்து நாகபுரி, பண்டாரா, ஒடிசாவின் கியோஞ்ஜர், கர்நாடகத்துச் சந்தூர், ஆந்திரத்து விஜயநகரம் ஆகிய வட்டாரங்களில் இதன் சுரங்கங்கள் உள்ளன. அவ்விடங்களிலும், பிலாய், ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர், விசாகப்பட்டினம் முதலிய உருக்கு நகரங்களிலும் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள் பலர், தாதுக்கல் ஏற்றிய சரக்கு வண்டிகளை நாள்தோறும் பார்த்திருப்பர். அந்தக் கருநிறக் கல்லுக்கும் உருக்குக்கும் உள்ள உறவு எவ்வாறு அறியப்பட்டது, அதை அறிந்தோர் அடைந்த பயன் என்ன, இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் தமிழ்நாட்டுக் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில் எழுதப்பட்டது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

மாங்கனீசின் கருநிற ஆக்ஸைடு மனிதனுக்கு மிகப் பழைய நண்பன். கண்ணாடி செய்வோர் அதைச் சிறிதளவு சேர்த்து, இரும்பினால் உண்டாகும் பச்சை நிறத்தைப் போக்கினர். ஆகவே அதற்குக் கண்ணாடிக்காரர்களின் சவுக்காரம் என்றே பெயர் வழங்கிற்று. ஆயினும் அதனுள்ளே ஒரு தனி உலோகம் ஒளிந்திருக்கிறது என்பதை 18-ஆம் நூற்றாண்டு வரை யாரும் நிலைநாட்டவில்லை. சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே அந்தக் கருங்கல்லை ஆராய்ந்து, இதில் புதிய தனிமம் ஒன்று உள்ளது என்று 1774-ஆம் ஆண்டில் அறிவித்தார். அவருடைய நண்பர் கான் என்பவர் அதே ஆண்டில் அந்த ஆக்ஸைடைக் கரியுடன் சேர்த்து மூசையில் கடுமையாகக் காய்ச்சி, உலோகத்தைப் பிரித்தெடுத்தார். கிடைத்த உலோகமோ தட்டினால் உடையும் தன்மையது. அதனைக் கொண்டு கத்தியும் செய்ய இயலாது, கம்பியும் இழுக்க இயலாது. தனியே நின்றால் பயன் குறைந்த அந்த உலோகம், இரும்போடு கூடியபின்தான் உலகத் தொழிலையே மாற்றியது.

இதன் காரணத்தை உணர, உலோகங்களுக்கும் பிராணவாயுவுக்கும் உள்ள பற்றின் அளவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகங்களுள் பெரும்பாலானவை பிராணவாயுவோடு சேரும்பொழுது வெப்பத்தை வெளியிடுகின்றன. வெளியாகும் வெப்பம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு அந்தப் பிணைப்பு உறுதியானது என்று பொதுவாகக் கொள்ளலாம். 32 கிராம் பிராணவாயுவை ஏற்று இரும்பு ஆக்ஸைடாகும்பொழுது ஏறத்தாழ 540 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. அதே அளவு பிராணவாயுவை மாங்கனீசு ஏற்கும்பொழுது ஏறத்தாழ 770 கிலோஜூலும், சிலிக்கன் ஏற்கும்பொழுது ஏறத்தாழ 910 கிலோஜூலும், அலுமினியம் ஏற்கும்பொழுது ஏறத்தாழ 1,115 கிலோஜூலும் வெளியாகின்றன. ஆகவே இரும்பிடம் உள்ள பிராணவாயுவை மாங்கனீசு பறித்துக்கொள்ளும். மாங்கனீசிடம் உள்ளதைச் சிலிக்கன் பறிக்கும். அதனிடம் உள்ளதை அலுமினியம் பறிக்கும். இந்த வரிசையில் மாங்கனீசு நடுவில் நிற்பதே அதன் பெருமைக்கும் சிறுமைக்கும் அடிப்படை.

இந்த வரிசையைத் தில்லியில் வாழும் நேயர்கள் கண்ணாரக் காணலாம். மெஹ்ராலியில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. 7 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. 1912-ஆம் ஆண்டில் ஆங்கில உலோக அறிஞர் ஹாட்ஃபீல்டு அதன் கூறுகளை ஆய்ந்தபொழுது, அதில் பாஸ்பரசும் சிறிது கரியும் இருந்தன. மாங்கனீசு காணப்படவில்லை. தாதுவில் சிறிதளவு மாங்கனீசு இருந்திருப்பினும் உலோகத்தில் அது சேர்ந்திருக்க முடியாது. ஏனெனில் நம் முன்னோர் இரும்பை உருக்கி ஓடவிடவில்லை. மரக்கரியையும் தாதுவையும் சிறு உலையில் இட்டுத் துருத்தியால் ஊதி, ஏறத்தாழ 1,200 டிகிரி அளவில் இரும்பைத் திரளாகப் பெற்றனர். இரும்பு ஆக்ஸைடிலிருந்து பிராணவாயுவைக் கரி பிரிப்பதற்கு 720 டிகிரி அளவே போதும். மாங்கனீசு ஆக்ஸைடிலிருந்து பிரிப்பதற்கோ ஏறத்தாழ 1,410 டிகிரி வேண்டும். எனவே அத்தகைய உலையில் மாங்கனீசு பிராணவாயுவை விடாது பற்றிக்கொண்டு கசடோடு வெளியேறிவிடும். இரும்பு மட்டும் எஞ்சும்.

சேலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலும் தென்னாட்டின் பிற பகுதிகளிலும் உருக்கு செய்தவர்களும் மாங்கனீசை நாடவில்லை. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் குச்சிகளை மூசையில் இட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, களிமண்ணால் வாய் பூசி, பல மணி நேரம் காய்ச்சி அவர்கள் உருக்கெடுத்தனர். ஊட்ஸ் என்று மேல்நாட்டார் புகழ்ந்த உருக்கு அதுவே. உக்கு என்னும் கன்னடச் சொல்லே ஊட்ஸ் எனத் திரிந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். நம் உருக்கு என்னும் சொல்லுக்கு அது மிக அண்மையானது. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு. ஆகையால் அவ்வுருக்கில் கந்தகத்தின் தீமை தலைகாட்டவில்லை. அத்தீமையை நீக்கும் மருந்தும் தேவைப்படவில்லை.

தேவை எழுந்தது ஐரோப்பாவில், காடுகள் குறைந்த பின்னர். 1709-ஆம் ஆண்டில் ஆபிரகாம் டார்பி என்பவர் இங்கிலாந்தில் மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியைக் கொண்டு ஊதுலையை இயக்கிக் காட்டினார். அதனால் இரும்பு மலிந்தது. ஆனால் கல்கரியோடு கந்தகமும் இரும்பில் புகுந்தது. கந்தகமுள்ள இரும்பைச் செஞ்சூட்டில் வைத்து அடித்தால் அது விரிசல் காண்கிறது. இரும்பும் இரும்புச் சல்பைடும் சேர்ந்த கலவை 988 டிகிரியிலேயே உருகிவிடுவது இதற்குக் காரணம். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். கொல்லன் சம்மட்டியால் அடிக்கும் சூட்டில் இரும்பு திடமாக இருக்க, அதன் நுண்மணிகளின் எல்லைகளில் படிந்த சல்பைடு மட்டும் உருகி நீராக நிற்கிறது. சுவரின் செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து இளகிவிட்டால் சுவர் நிற்குமா? இரும்பின் நிலையும் அதுவே.

இங்கே மாங்கனீசு செய்வது என்ன? இரும்பைக் காட்டிலும் கந்தகத்தின்மீது அதற்குப் பற்று அதிகம். இரும்புச் சல்பைடு உண்டாகும்பொழுது வெளியாகும் வெப்பத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் மாங்கனீசுச் சல்பைடு உண்டாகும்பொழுது வெளியாகிறது. அந்தச் சல்பைடு உருகுவதோ ஏறத்தாழ 1,610 டிகிரியில். ஆகவே கந்தகம் உலோகத்தை விட்டு முற்றும் நீங்காவிடினும், தீங்கு செய்யாத திடமான சிறு மணிகளாக அடங்கிவிடுகிறது. நஞ்சை வெளியேற்ற இயலாதபொழுது அதைக் கட்டிப்போடும் மருத்துவம் இது.

இந்த மருந்தை உருக்குத் தொழிலில் நிலைநாட்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசுப் பணியில் இருந்த அவர், சேலத்து இரும்புத் தாதுவின் உயர்வைக் கண்டு வியந்து, அரசுப் பணியை விட்டு இரும்புத் தொழிலில் இறங்கினார். 1830-ஆம் ஆண்டில் வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறைப்படி இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவை அங்கே கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினர். கம்பெனியார் கடன் கொடுத்து உதவினர். பின்னர் மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. எனினும் மரக்கரிக்காகக் காடுகள் அழிந்து கரியின் விலை ஏறியமையாலும், தாதுவைத் தொலைவிலிருந்து கொணர வேண்டியிருந்தமையாலும் அம்முயற்சி இலாபம் காணவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே அந்த உலைகள் அணைந்துவிட்டன.

ஹீத் இங்கிலாந்து திரும்பிய பின்னும் இந்திய உருக்கை மறக்கவில்லை. நம் நாட்டு மூசை உருக்கைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை 1839-ஆம் ஆண்டில் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் ஷெஃபீல்டு நகரத்து உருக்குத் தொழிலுக்காக ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் உருக்கு காய்ச்சும்பொழுது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மாங்கனீசும் கரியும் கூடிய பொருளைச் சேர்த்தால் உருக்கு நயமுறும் என்பதே அதன் சாரம். அதன் பயன் மிகப் பெரிது. உயர்ந்த விலை கொடுத்துச் சுவீடனிலிருந்து வாங்கிய இரும்புக்குப் பதிலாக உள்நாட்டு இரும்பைக் கொண்டே நல்ல உருக்கு செய்யலாயிற்று. கத்தி அலகின் உருக்கை இரும்புப் பிடியோடு பற்றவைப்பதும் எளிதாயிற்று.

அந்தப் பொருளைத் தனியே தயாரிப்பதற்குச் செலவு மிகுதி. ஆகவே மாங்கனீசு ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் இட்டாலே போதும் என்று ஹீத்தே பின்னர்க் கண்டறிந்து, தம் முகவரான அன்வின் என்பவருக்குச் சொன்னார் என அக்காலத்தார் எழுதியுள்ளனர். அன்வின் அவ்வாறே செய்து உருக்கு விற்றார். ஹீத்துக்குரிய பணத்தைக் கொடுக்க மறுத்தார். காப்புரிமையில் கூறியிருப்பது மாங்கனீசும் கரியும் முன்னரே கூடிய பொருள். நாங்கள் இடுவதோ இரண்டையும் தனித்தனியாக. ஆகவே இது அந்த உரிமையில் அடங்காது என்பது அவருடைய வாதம். வழக்கு 1840-களில் தொடங்கி மன்றம் மன்றமாக ஏறியது. ஒரு மன்றம் ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தன. இறுதியில் 1855-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராக முடிவு கூறியது. அதைக் கேட்க ஹீத் உயிரோடு இல்லை. ஷெஃபீல்டு நகரமே அவருடைய முறையால் பொருள் ஈட்டிக்கொண்டிருக்க, வழக்கிலேயே தம் செல்வத்தைக் கரைத்துவிட்டு அவர் முன்பே இறந்திருந்தார்.

அந்த வழக்கின் நடுவில் கிடந்த கேள்வி சட்டக் கேள்வி மட்டுமாக இருக்கவில்லை. மூடிய மூசைக்குள் மாங்கனீசு ஆக்ஸைடும் கரியும் சேர்ந்து காயும்பொழுது என்ன நிகழ்கிறது? ரசாயன வல்லுநர் சாட்சி கூறினர். ஆனால் ஐயமறக் கணக்கிட்டுக் காட்டும் கருவி அன்று எவரிடமும் இல்லை. இன்று விடை எளிது. மூசை உருக்கின் வெப்பநிலை 1,500 டிகிரிக்கும் மேற்பட்டது. அந்தச் சூட்டில் ஆக்ஸைடிலிருந்து பிராணவாயுவைக் கரி பறித்தே தீரும். மேலும், விடுதலை பெறும் மாங்கனீசு உருகிய இரும்பில் கரைந்து நீர்த்துவிடுவதால், தனியே நிற்கும் மாங்கனீசுக்கு வேண்டிய 1,410 டிகிரிக்கும் கீழேயே அச்செயல் தொடங்கிவிடக் கூடும். ஆகவே இரண்டு வழிகளும் உருகிய உருக்கில் ஒரே முடிவையே தருகின்றன. சட்டம் காப்புரிமையின் சொல்லைப் பார்த்தது. இயற்கை பொருளைப் பார்த்தது. பொருளின்படி நோக்கினால் நியாயம் ஹீத்தின் பக்கமே இருந்தது என்று நாம் கூறலாம்.

அவ்வழக்கு முடிந்த மறு ஆண்டிலேயே மாங்கனீசின் தேவை மேலும் பெரிய அளவில் எழுந்தது. 1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செல்டனம் நகரில் கூடிய அறிஞர் அவையில், எரிபொருள் இன்றியே உருகிய வார்ப்பிரும்பை உருக்காக மாற்றலாம் என்று ஹென்றி பெஸ்ஸமர் அறிவித்தார். உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள கரியும் சிலிக்கனும் எரிந்து, அந்த வெப்பமே உலோகத்தை உருகிய நிலையில் வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய முறை. ஆலைக்காரர் பலர் பெரும் பணம் கொடுத்து உரிமை வாங்கினர். வாங்கிச் செய்து பார்த்தவர்களுக்கோ ஏமாற்றமே மிஞ்சியது. பாஸ்பரஸ் ஒரு காரணம். மற்றொரு காரணம், காற்றை அளவுக்கு மீறி உண்ட இரும்பு பிராணவாயுவைத் தன்னுள் தேக்கிக்கொண்டதாகும். இறுகும்பொழுது அது வாயுவாகக் குமுறி உலோகத்தைத் துளைத்தது. கந்தகத்தின் தீமையும் கூடச் சேர்ந்தது.

இந்த நோய்க்கு மருந்து சொன்னவர் டீன் காட்டுப் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மஷெட். ஜெர்மனியிலிருந்து வந்த, கண்ணாடிபோல் மின்னும் முகங்களையுடைய மாங்கனீசு வார்ப்பிரும்பு அவரிடம் இருந்தது. காற்று ஊதி முடித்த உலோகத்தில் அதைச் சிறிதளவு சேர்த்தார். மாங்கனீசு பிராணவாயுவை இரும்பிடமிருந்து பிடுங்கிக் கசடாக்கியது; கந்தகத்தைக் கட்டியது; அதிலிருந்த கரியோ உருக்குக்கு வேண்டிய அளவைத் திரும்பத் தந்தது. 1857-ஆம் ஆண்டில் அவர் செய்த உருக்குத் தண்டவாளம் ஒன்று டார்பி இரயில் நிலையத்தில் பதிக்கப்பட்டது. அதுவரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இரும்புத் தண்டவாளம் மாற்றவேண்டியிருந்த அந்த இடத்தில், இது ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்றது. இதே காலத்தில் சுவீடனில் யோரான்சன் என்பவர் 1858-ஆம் ஆண்டில் பெஸ்ஸமர் முறையில் வெற்றி பெற்றார். மரக்கரியால் உருக்கிய, பாஸ்பரஸ் குறைந்து மாங்கனீசு உடைய இரும்பு அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

மஷெட்டின் காப்புரிமைக்கு 1859-ஆம் ஆண்டில் செலுத்த வேண்டிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்படவில்லை. உரிமை காலாவதியாயிற்று. அவருடைய மருந்தை உலகமே விலையின்றி எடுத்துக்கொண்டது. பெஸ்ஸமர் தம் கண்டுபிடிப்பால் பத்து லட்சம் பவுனுக்கும் மேல் ஈட்டினார். மஷெட் நோயும் கடனுமாக வாடினார். 1866-ஆம் ஆண்டில் மஷெட்டின் பதினாறு வயது மகள் தன்னந்தனியாக இலண்டனுக்குச் சென்று, பெஸ்ஸமரை நேரில் கண்டு, தம் தந்தையின் முறையாலன்றோ உங்கள் தொழில் நிற்கிறது என்று வாதாடினாள். பெஸ்ஸமர் தமக்குச் சட்டக் கடமை ஏதுமில்லை என்ற நிலையிலேயே நின்றார். ஆயினும் மஷெட்டுக்கு ஆண்டுதோறும் 300 பவுன் அளிக்க இசைந்து, அவர் 1891-ஆம் ஆண்டில் மறையும் வரை அதை அளித்தும் வந்தார். 1876-ஆம் ஆண்டில் பெஸ்ஸமர் பெயரால் அமைந்த பொற்பதக்கமே மஷெட்டுக்கு வழங்கப்பட்டது. அறிவுக்கு உரிய மதிப்பு கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை.

இவ்வளவும் கைப்பழக்கத்தால் அறிந்தவை. காரணத்தைக் கணக்கால் காட்டும் அறிவு மெல்லவே வந்தது. அமெரிக்க அறிஞர் வில்லார்டு கிப்ஸ் 1876 முதல் 1878 வரை வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு ரசாயன மாறுதல் தானாக நிகழுமா என்பதை முடிவு செய்வது வெப்பம் ஒன்று மட்டும் அன்று என்று காட்டினார். பொருளின் ஒழுங்கு குலையும் அளவையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் கட்டிலா ஆற்றல் என்ற ஒன்று கிடைக்கும். அது குறையும் திசையிலேயே இயற்கை செல்லும். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் எல்லிங்ஹாம் உலோக ஆக்ஸைடுகளின் இந்த ஆற்றலை வெப்பநிலைக்கு எதிராகக் கோடுகளாக வரைந்து ஒரே படத்தில் தந்தார். உலோகங்களின் கோடுகள் சூடு ஏற ஏற மேலே செல்கின்றன. அதாவது ஆக்ஸைடுகளின் உறுதி குறைகிறது. கரி கார்பன் மானாக்ஸைடு ஆகும் கோடு மட்டும் கீழே சரிகிறது. திடமான கரி வாயுவாகப் பரவுவதால் நேரும் விளைவு அது. கரியின் கோடு எந்த உலோகத்தின் கோட்டை எந்த வெப்பநிலையில் வெட்டுகிறதோ, அந்த வெப்பநிலைக்கு மேல் அவ்வுலோகத்தைக் கரி விடுவிக்கும். இரும்பு 720 டிகிரி, மாங்கனீசு 1,410 டிகிரி, சிலிக்கன் 1,600 டிகிரிக்கும் மேல் என்று முன்னர்க் கண்ட கணக்குகள் இந்தப் படத்தில் ஒரு பார்வையில் விளங்கும்.

பற்று வரிசையில் சிலிக்கனும் அலுமினியமும் மாங்கனீசை விஞ்சுகின்றனவே, பின்னர் உருக்காலைக்காரர் மாங்கனீசை ஏன் விடவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். பிராணவாயுவைப் பிடித்தால் மட்டும் போதாது. பிடித்ததை உலோகத்தினின்று வெளியே கொண்டுவரவும் வேண்டும். சிலிக்கன் தனியே பிடித்தால் மணல் போன்ற திடமான நுண்துகள் உண்டாகி உருக்கினுள்ளேயே தங்கிவிடும். மாங்கனீசும் சிலிக்கனும் கூடிப் பிடித்தால் இரண்டின் ஆக்ஸைடுகளும் கலந்து 1,300 டிகிரி அளவிலேயே உருகும் சிலிகேட்டு ஆகின்றன. அது உருக்கினுள் நீர்த்துளிகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, எளிதில் மேலே மிதந்து வந்துவிடும். மேலும், ஆக்ஸைடு கலவையில் கரைந்து நிற்பதால் அதன் செறிவு குறைந்து, உருக்கில் எஞ்சும் பிராணவாயுவின் அளவும் தாழ்கிறது. தனித்தனியே செய்ய முடியாததை இருவர் கூடிச் செய்யும் இந்த முறையே சிலிக்கோமாங்கனீசு என்ற கலவையின் பயனுக்கு அடிப்படை.

மாங்கனீசின் மற்றொரு பண்பை ஷெஃபீல்டு நகரத்து இளைஞர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-ஆம் ஆண்டில் கண்டார். தில்லித் தூணைப் பிற்காலத்தில் ஆய்ந்தவர் இவரே. மாங்கனீசு 4, 5 சதவீதம் ஆனவுடன் உருக்கு சம்மட்டி அடிக்கே பொடியாகும் அளவுக்கு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆகவே அதற்கு மேல் சேர்ப்பதில் பயனில்லை என்று முன்னோர் நின்றுவிட்டனர். ஹாட்ஃபீல்டு நிற்கவில்லை. 12, 13 சதவீதம் வரை சென்றதும், ஏறத்தாழ 1,000 டிகிரியிலிருந்து நீரில் குளிர்வித்தபொழுது, அந்த உருக்கு நொறுங்காது உறுதி மிக்கதாக நின்றது. உயர் சூட்டில் மட்டும் இரும்பு கொள்ளும் படிக அமைப்பு, மாங்கனீசின் துணையால் சாதாரண வெப்பநிலையிலும் நிலைத்துவிடுவதே இதன் காரணம். தண்டவாளச் சந்திப்புகளிலும், பாறை நொறுக்கும் பொறிகளிலும் இன்றளவும் இதுவே பயன்படுகிறது.

மேல்நாட்டு உலைகளுக்குத் தாது தேவைப்பட்டது. 1890-களின் தொடக்கத்தில் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விஜயநகர வட்டாரத்தில் மாங்கனீசுச் சுரங்கத் தொழில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நாகபுரி, பாலாகாட் பகுதிகளிலும் அது பரவியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மாங்கனீசு உற்பத்தியில் முதலிடத்துக்கு இந்தியாவும் ரஷ்யாவும் போட்டியிட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஃபெர்மார் 1909-ஆம் ஆண்டில் நம் மாங்கனீசு வளத்தைப் பற்றி மாபெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். மத்திய மாகாணத்துப் பாறை வகை ஒன்றுக்கு அங்கு வாழும் கோண்டு மக்களின் பெயரால் கோண்டைட் என்றும், விஜயநகரத்துக் கோடூரின் பெயரால் மற்றொன்றுக்குக் கோடூரைட் என்றும் பெயரிட்டார். 1933-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விசாகப்பட்டினத் துறைமுகத்தை அமைத்ததன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, மத்திய மாகாணத்து மாங்கனீசுத் தாதுவைக் கப்பலேற்றுவதாகும்.

தாது சென்றது, உலோகமாக இங்கே மாற்றப்பட்டது மிகச் சிறு பகுதியே. முதல் உலகப் போரின்பொழுது வெளிநாட்டுச் சரக்கு தடைப்படவே, ஜாம்ஷெட்பூரில் ஃபெர்ரோமாங்கனீசு செய்து பார்த்தனர். ஆயினும் அது பெருந்தொழிலாக வளர நாடு விடுதலை பெற வேண்டியிருந்தது. காரணம் அரசியல் மட்டும் அன்று. மேலே கண்ட 1,410 டிகிரியும் ஒரு காரணம். அந்தச் சூட்டை அடைய மிகுந்த கல்கரியோ மின்சாரமோ வேண்டும். மின் உலையில் ஒரு டன் ஃபெர்ரோமாங்கனீசு எடுக்க ஏறத்தாழ 2,500 முதல் 3,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சூட்டை மிகவும் ஏற்றினால் மாங்கனீசு ஆவியாகிப் பறந்துவிடும். இரும்பு 2,800 டிகிரிக்கு மேல் கொதிக்க, மாங்கனீசு 2,061 டிகிரியிலேயே கொதிக்கிறது. தாதுவிலோ கரியிலோ உள்ள பாஸ்பரஸ் எளிதில் உலோகத்தில் சேர்ந்துவிடும். பின்னர் அதை நீக்குவது அரிது. ஏனெனில் பாஸ்பரசை எரித்து நீக்க முயன்றால், அதற்கு முன்னர் மாங்கனீசே எரிந்து கசடாகும்.

1950-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜாம்ஷெட்பூரில் திறக்கப்பெற்ற தேசிய உலோக ஆய்வுக்கூடம், தரங்குறைந்த இந்திய மாங்கனீசுத் தாதுக்களை மேம்படுத்தும் வழிகளைத் தன் தொடக்க ஆண்டுகளிலேயே ஆராய்ந்தது. 1962-ஆம் ஆண்டில் மத்திய மாகாணச் சுரங்கங்களின் பெரும் பங்கு அரசின் பொறுப்புக்கு வந்து, மாயில் என்று இன்று வழங்கும் நிறுவனம் உருவாயிற்று. ஃபெர்ரோமாங்கனீசு, சிலிக்கோமாங்கனீசு உலைகள் பல மாநிலங்களில் எழுந்தன. ஒரு காலத்தில் தாதுவை மட்டும் அனுப்பிய நாடு, இன்று உயர்தரத் தாதுவை வெளிநாடுகளிலிருந்து வாங்கியும், கலவை உலோகத்தை வெளிநாடுகளுக்கு விற்றும் வருகிறது. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரங்களில் மலிவான வகை பலவற்றில், விலையுயர்ந்த நிக்கலின் இடத்தைப் பெரும்பாலும் மாங்கனீசே நிரப்புகிறது.

உலகில் எடுக்கப்படும் மாங்கனீசில் பத்தில் ஒன்பது பங்கு உருக்குத் தொழிலுக்கே செல்கிறது. நூறு ரூபாய் உருக்கில் அதன் விலை சிறு பகுதியே. ஆயினும் அது இன்றேல் அந்த உருக்கு உலைக்களத்தைத் தாண்டி வராது. ஹீத், மஷெட் ஆகிய இருவரும் பயனைக் கண்டனர். காரணத்தைக் கணக்கால் காட்ட அவர்களுக்கு இயலவில்லை; தம் உரிமையின் பயனையும் இழந்தனர். அவர்களுக்குப் பின் வந்தோர் காரணத்தைக் கணக்காக எழுதி வைத்தனர். அந்தக் கணக்கு எந்த நாட்டின் தனியுடைமையும் அன்று. பரங்கிப்பேட்டையில் உலைகள் அணைந்ததற்குத் தாதுவின் குறை காரணம் அன்று. தாது எங்கே உண்டு என்று அறிவதோடு நின்றால் அதை வண்டியேற்றி அனுப்பவே முடியும். உலைக்குள் அது எந்தச் சூட்டில் எதனோடு சேரும், எதை விட்டுப் பிரியும் என்பதையும் கற்றவர்க்கே அது உலோகமாகும். பாலாகாட்டிலும் பிலாயிலும் விசாகப்பட்டினத்திலும் இன்று உலைகளின் அருகே நிற்கும் நம்மவர் கைகளில் அந்தக் கல்வி இருக்கிறது. அதை அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியிலும் எடுத்துச் சொல்வது அவர்கள் செய்யத்தக்க நற்பணியாகும்.